அடுத்தடுத்த ரோல் நம்பர்

லீவு எல்லாம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. நானாத்தான் கிளம்பி வாரேன். வாரத்துக்கு நடுவுல பையைத் தூக்கிட்டு ஒரு காலேஜ் பையன் ஊருக்கு பஸ் ஏறினா யாரும் கேக்கத்தான் செய்வாங்க, நீங்க கேட்டதுல தப்பு இல்ல. நமக்கு நாசரேத்து. எங்க அப்பா அங்கன ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருக்காவ. அவியகிட்ட போயி எப்படி ஆரம்பிக்கன்னுதான் பாளையங்கோட்டையில இருந்து யோசிச்சுக்கிட்டு வாரேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லிப் பாக்கேன். எம்மேல தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. ஆனா முழுசையும் கேக்கணும். அங்க ஒரு பயலும் முழுசையும் கேக்க மாட்டேங்கான்.

நான் படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ், ரெண்டாவது வருசம். பேரு எபனேசர். எனக்கு அடுத்த ரோல் நம்பர் இசக்கியம்மாள். எங்க காலேஜுல எல்லாமே இங்கிலீஷ் எழுத்து வரிசைதான். இங்கிலீஷ்ல அவ பேருக்கும் 'ஈ'தான் மொத எழுத்து, என் பேருக்கும் அதான், நடுவுல வேற யாரும் கிடையாது. அதனால மொத நாள்ல இருந்து லேப்ல அவ எனக்குப் பக்கத்து சிஸ்டம். பரீட்சையில எனக்குப் பின்னாடி பெஞ்சு. ரெண்டு ரெண்டு பேரா எது செய்யச் சொன்னாலும் நானும் அவளும். நான் கேட்டு வாங்கினது இல்ல அண்ணாச்சி. அவ வீட்டுல வேற பேரு வச்சிருந்தா என் பொழப்பே வேற மாதிரி போயிருக்கும்.

அவ வள்ளியூர்க்காரி. அங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அவ அம்மைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பரோட்டா. அடக்கம் ஒடுக்கமான பிள்ளைன்னு நினைச்சிராதிய. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். "ஏல எபி, உன் மூஞ்சி ஏன் புளிச்ச மாவு மாதிரி இருக்கு"ன்னு லேப்ல எல்லாரும் கேக்கும்படியா கேப்பா. நானும் சிரிச்சுக்கிடுவேன். அப்பெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

எல்லா வினையும் ஒரு பேப்பர்ல ஆரம்பிச்சது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங், ரெண்டாம் பாகம். மொத பாகத்தை எவனும் பாஸ் பண்ணிரலாம் அண்ணாச்சி. ரெக்கார்டு நோட்டுல இருக்கிற புரோகிராமை நெட்டுரு போட்டு அப்படியே எழுதிட்டு வந்துரலாம். நான் அப்படித்தான் எழுதினேன், நல்ல மார்க்கு. ரெண்டாம் பாகத்துல என்னன்னா, நீயே யோசிச்சு நீயே ஒண்ணு கட்டுன்னு சொல்லுதாங்க. கற்பகவல்லி மேம்தான் பாடம் எடுத்தாங்க. ரெக்கார்டு நோட்டை எல்லாம் ஓரமா வையுங்க, உங்க கண்ணு முன்னால என்ன நடக்கோ அதைப் புரோகிராமா எழுதுங்கன்னுட்டாங்க.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுதேன். கிளாஸ், கிளாஸுன்னு சொல்லுவாங்க. முறுக்கு அச்சு இருக்குல்லா, அதான் கிளாஸ். அதுல பிழிஞ்சு வர்ற முறுக்குதான் ஆப்ஜெக்ட். எந்த அச்சுல பிழிஞ்சமோ அந்த உருவம்தான் கடைசி வரைக்கும். பெறவு ஒரு அச்சுல இருந்து இன்னொரு அச்சை உண்டாக்கலாம். அப்பன் அச்சு, பிள்ளை அச்சு. அப்பன்கிட்ட இருக்கிறது எல்லாம் பிள்ளைக்கு வந்துரும். இவ்வளவுதான் பாடம். இதுக்குப் போயி ஒரு வருசத்தைத் தின்னுட்டாங்க.

எங்களுக்கு வந்த தலைப்பு ஹாஸ்டல் மெஸ். யாருக்கு என்ன சாப்பாடு, எத்தனை டோக்கன், எத்தனை முட்டை, அதைக் கம்ப்யூட்டர் பாத்துக்கிடணும். நான் அன்னைக்கே சொல்லிட்டேன். "ஏட்டி இசக்கி, நான் டிசைன், நீ கோடிங். மூளை வேலையை நான் பாத்துக்கிடுதேன், டைப் அடிக்கிறதை நீ பாத்துக்கோ." அவ சரின்னுதான் தலையாட்டினா. எங்க அப்பா அடிக்கடி சொல்லுவாவ, மூணாம் கிளாசுலயே பையனைப் பாத்தா தெரிஞ்சுரும், எவன் தலைமை தாங்குவான், எவன் சொன்னதைச் செய்வான்னு. பெறவு எத்தனை வருசம் ஆனாலும் அது மாறாதுன்னு. அவிய எத்தனை பிள்ளைகளைப் பாத்திருப்பாவ.

ஒரே மத்தியானத்துல படம் வரைஞ்சிட்டேன். சார்ட் பேப்பர்ல, ஸ்கெட்ச் பென்னு வச்சு. மேல 'மாணவன்'னு ஒரு அப்பன் அச்சு. கீழ ரெண்டு பிள்ளை. 'சைவ மாணவன்', 'அசைவ மாணவன்'. பாக்க அவ்வளவு அழகா இருந்தது அண்ணாச்சி. பக்கத்துல இருந்த பயலுவ எல்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனானுவ. இவ மட்டும் அதை உத்துப் பாத்துட்டு, "ஒருத்தன் செவ்வா வெள்ளி மட்டும் கறி திங்க மாட்டான்னா அவன் எந்தப் பெட்டி?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், அதெல்லாம் சின்ன விசயம், பெறவு பாத்துக்கிடலாம்னு. "இல்ல எபி, எங்க கடைக்கு வாரவன்ல பாதிப்பேரு அப்படித்தான். இன்னைக்கு மீன் கேப்பான், நாளைக்கு அமாவாசைம்பான்"ங்கா. எனக்குச் சுள்ளுன்னு ஏறிட்டு. இது என்ஜினியரிங் காலேஜு, சோத்துக்கடை இல்லன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன்னு வையிங்க. அவ சிரிச்சுக்கிட்டே, "சரி ராசா, உன் படத்தைத்தான அடிக்கணும், அடிக்கேன்"ன்னு உக்காந்துட்டா.

பெறவு லேப் அவர் எல்லாம் இப்படித்தான் போச்சு. அவ அடிப்பா, நான் பக்கத்துல உக்காந்து பிபிடி ரெடி பண்ணுவேன். பிபிடின்னா சபையில போட்டுக் காட்டுற படம். அதுக்கு எழுத்து எப்படி இருக்கணும், பின்னாடி என்ன கலர் இருக்கணும், எல்லாம் இருக்குல்லா. லேசான வேலை இல்ல. இவ அடிக்கிற சத்தம் ஓட்டு மேல மழை விழுந்த மாதிரி ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும், தலையே வலிக்கும் எனக்கு. சேரைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுவேன். இடையில ஏதாவது கேப்பா, "எபி, இந்த இடத்தைப் பாரேன், இப்படி எழுதினா சரியா வருமா"ன்னு. நீயே பாத்துக்கோ, எனக்கு இங்க சோலி கிடக்குன்னு சொல்லிருவேன். நம்பி விட்டேன் அண்ணாச்சி. ஒருத்தர்மேல நம்பிக்கை வைக்கிறது தப்பா?

மொத ரிவ்யூ வந்தது. மொத்த வகுப்பும் உக்காந்திருக்கு. நான்தான் பேசினேன், இங்கிலீஷ்ல, ஒரு தடங்கல் இல்லாம. கற்பகவல்லி மேம் கடைசி வரைக்கும் பேசாம கேட்டாங்க. பெறவு என் படத்துல அந்த 'அசைவ மாணவன்' பெட்டியைத் தொட்டு, "இந்தப் பையன் கார்த்திகை மாசம் சபரிமலைக்கு மாலை போடுதான். இப்ப அவனை என்ன பண்ணுவே?"ன்னு கேட்டாங்க.

எனக்குச் சட்டுன்னு பதில் வந்தது. அந்த ஆப்ஜெக்டை அழிச்சுட்டு, சைவ மாணவனா புதுசா ஒண்ணு உண்டாக்கிருவேன் மேம்னு சொன்னேன்.

"அப்ப அவன் மெஸ் கணக்கு, அட்டெண்டன்ஸ் எல்லாம்?"

அதுவும் போயிரும் மேம்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே சொல்லுதாங்க: "மாலை போட்டான்னு பெத்த பிள்ளையைக் கொன்னு போட்டுட்டு, சைவமா மறுபடி பெத்தெடுப்பே. மலைக்குப் போயிட்டு வந்து அவன் மாலையைக் கழட்டினா, திரும்பக் கொன்னுட்டு அசைவமா பெத்தெடுப்பே. குலசை தசராவுக்கு அவன் இன்னொரு மாலை போடுவானே எபனேசர், அந்தத் தாய்க்கு வருசத்துக்கு எத்தனை பிரசவம்?"

வகுப்பே சிரிச்சது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிச்சானுவ. அது பரவாயில்ல அண்ணாச்சி. பயலுவ சிரிக்கத்தான் செய்வானுவ, எவன் மாட்டினாலும் சிரிப்பானுவ, நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அவளும் சிரிச்சா. என் பக்கத்துல நின்னுக்கிட்டு, வாயைக் கையால பொத்திக்கிட்டு, தோளு குலுங்க. நான் அவளைத் திரும்பிப் பாத்தேன். பாத்ததும் நிப்பாட்டினா. ஆனா சிரிச்சதைப் பாத்துட்டேன்ல. ஊரே சிரிக்கட்டும், அவ சிரிக்கலாமா? எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சது. இப்பவும் எரியுது. அவமேல எனக்கு வேற ஒண்ணும் கிடையாது, நீங்க ஒண்ணும் நினைச்சிராதிய. கூட நிக்கிறவ சிரிக்கக் கூடாதுங்கேன், அவ்வளவுதான்.

வெளிய வந்ததும் பின்னாடியே வந்தா. "எபி, கோவிச்சுக்கிடாத. மேம் சொன்ன விதத்துல சிரிப்பு வந்துட்டு. மாத்திரலாம், லேசுதான்"ங்கா. எப்படி லேசுன்னு கேட்டேன். "மாணவன் மாணவனாவே இருக்கட்டும். ஒரே அச்சு போதும். சாப்பாட்டை ஆளுக்குள்ள வச்சுத் தைக்காத. தனியா வச்சு அவன் கையில குடு. மாலை போட்டா ஒண்ணை வச்சுட்டு இன்னொண்ணை எடுத்துக்கிடட்டும்." அவ சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் படத்துல இருக்கிற ரெண்டு பெட்டியையும் தூக்கிருவாளாம். அப்ப நான் வரைஞ்சதுல என்ன மிச்சம்? என்னமும் பண்ணு, எங்கிட்ட கேக்காதேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அவ என்னமும் பண்ணினா. மறுபடி மொதல்ல இருந்து அடிச்சா. எனக்குச் சொல்லித் தாரேன்னு கூப்பிடத்தான் செஞ்சா, பொய் சொல்ல மாட்டேன். லேப்ல கூப்பிட்டா, கேண்டீன்ல கூப்பிட்டா. "வைவாவுல தனித்தனியா கேப்பாங்கல, ஒரு தடவை உக்காந்து பாரு"ன்னா. எனக்குப் பிபிடியை முழுசா மாத்துற வேலை கிடந்தது. படம் மாறினா எல்லாம் மாறணும்ல? அதை யாரு செய்வா?

கடைசிப் பரீட்சைக்கு வேற காலேஜுல இருந்து எக்ஸ்டர்னல் வந்தார். வழக்கமா வாரவங்க பப்ஸைத் தின்னுட்டு, பேரு என்னன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. இந்த ஆளு பப்ஸைத் தொடவே இல்ல. நேரா எங்க சிஸ்டத்துல வந்து உக்காந்துட்டார். நான் பேச ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிப்பாட்டிட்டு, "ரம்ஜான் மாசம். நோன்பு இருக்கிற பையனுக்கு விடியுமுன்ன சாப்பாடு குடுக்கணும், மத்தியானம் கிடையாது. அதைச் சேத்துக் காட்டு"ன்னு என்கிட்ட கீபோர்டைத் தள்ளினார். அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. நீ பேசாதம்மான்னுட்டார்.

நான் மாணவன்னு இருந்த இடத்தைத் திறந்தேன். அதுலதான சேக்கணும்? சேத்தேன். ஒரு வரி எழுதினா நாலு இடத்துல சிவப்பா கோடு விழுது. அதைச் சரி பண்ணப் போனா வேற எங்கயோ விழுது. அவர் கடிகாரத்தைப் பாத்துட்டு, போதும், நீ பண்ணும்மான்னார். அவ நான் செஞ்சதை எல்லாம் எடுத்து விட்டுட்டு, ஓரமா புதுசா சின்னதா ஒண்ணு எழுதினா. 'நோன்பு'ன்னு. ஏற்கெனவே இருந்த எதையும் தொடல. ஓட்டினா. ஓடிட்டு.

எதையும் தொடாம எப்படி அண்ணாச்சி ஓடும்? நீங்களே சொல்லுங்க. ஒரு வீட்டுல புதுசா ஆளு வந்தா எதையாவது தள்ளிப் போடாம இடம் வருமா? அந்த நிமிசம்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. இது இவ எழுதினது இல்லன்னு.

ரிசல்ட் வந்தது. ஒரே புராஜெக்ட். அவளுக்குக் கிட்டத்தட்ட முழு மார்க்கு. எனக்குப் பாஸ் மார்க்கே இல்ல. அரியர். அரியர் இருந்தா கம்பெனிக்காரன் வரும்போது பக்கத்துலயே போக முடியாது. என் பேரு முன்னாடி, அவ பேரு பின்னாடி, ஒரே படம், ஒரே மேசை, அது எப்படி ரெண்டு மார்க்கு வரும்? ராத்திரி எல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எனக்கே தெரியாதது அவளுக்கு எங்க இருந்து தெரியும்? நான் மெட்ரிகுலேசன்ல படிச்சவன். அவ எங்கயோ வள்ளியூர்ல படிச்சுட்டு வந்தவ. அவளுக்கு மாமா மகன் ஒருத்தன் சென்னையில சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கான், அதை அவளே சொல்லியிருக்கா. போன்ல பேசுவா. அப்ப அவன் எழுதிக் குடுத்திருப்பான். வேற வழியே இல்லல்லா.

எச்ஓடி அருணகிரி சார் ரூமுக்குப் போனேன். புகார் எல்லாம் எழுதிக் குடுக்கல, சத்தியமா இல்ல. சார், எனக்கு ஒரு டவுட்டு இருக்குன்னுதான் ஆரம்பிச்சேன். போன வருசம் எங்க காலேஜுல நாலஞ்சு பேரு காசு குடுத்து புராஜெக்ட் வாங்கிப் பெரிய ரகளை ஆயிட்டு. அதனால அவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பயம். உடனே அவ ரிசல்ட்டை நிறுத்தி வச்சுட்டாங்க. விசாரணைன்னுட்டாங்க. நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லல.

அது நடக்கும்போதுதான் அந்தத் திருவனந்தபுரம் கம்பெனி விசயம் வந்தது. எங்க வகுப்புல ஒரே ஒரு ஆளுக்குப் பயிற்சி. ஆறு மாசம், சம்பளத்தோட. முடிச்சா வேலையும் அங்கனயே. மேம் இசக்கி பேரைத்தான் குடுத்திருக்காங்க. ஆனா ரிசல்ட் நிறுத்தி வச்சவளை அனுப்ப முடியாதுல்லா. விசாரணை முடிஞ்சு அவ பேரு சுத்தமானாத்தான் போகும். இல்லன்னா அடுத்த ஆளு. இப்ப ஊரு உலகமே நான் அவ சோத்துல மண்ணைப் போட்டேன்னு பேசுது. எனக்கு அந்தக் கம்பெனி விசயமே அப்பத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டியான்னு கேக்கிய. அது வேற விசயம். தெரியாதுங்கேன்.

நேத்து சாயங்காலம் தண்ணிக் குழாய் பக்கத்துல என்னை மறிச்சா. எப்பவும் வாயாடுறவ, நேத்துப் பைய பேசினா. "எபி, உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீ எதுக்குப் போயி சொன்னேன்னு கேக்கல. உன் மார்க்கு போச்சு, உனக்கு வயித்தெரிச்சல், எனக்குப் புரியுது. நாளைக்கு உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் உக்காந்து அடிச்சதை நீ பாத்தேன்னு சொல்லு. அது போதும். எங்கம்மைகிட்ட திருவனந்தபுரம்னு சொல்லிட்டேன் எபி. கடைக்கு வாரவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா."

நான் என்ன சொன்னேன்னா, எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன், தெரியாததைச் சொல்ல மாட்டேன்னேன். அவ, "தெரிஞ்சதைச் சொன்னாவே போதும்"னா. சொல்லிட்டு நின்னா. நான் பாட்டிலை நிறைச்சுட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில விசாரணை. எச்ஓடி, கற்பகவல்லி மேம், வேற டிபார்ட்மெண்டுல இருந்து ஒரு சார். ஒரு காலி சிஸ்டத்துல அவளை உக்கார வச்சு, மறுபடி எழுதுன்னாங்க. நானும் ஒரு மூலையில உக்காந்திருந்தேன். உக்காந்தா. தடதடன்னு அடிச்சா. முடிச்சா. ஓட்டினா, ஓடிட்டு. ஆனா கவனிங்க அண்ணாச்சி, இங்கதான் பாயிண்ட் இருக்கு. மொதல்ல குடுத்த மாதிரி இல்ல. வேற மாதிரி எழுதியிருந்தா, இன்னும் சுருக்கமா. நான் எந்திரிச்சுச் சொன்னேன், சார், ரெண்டும் ஒண்ணு போல இல்லையே, அப்ப மொதல்ல எழுதினது வேற ஆளுதானேன்னு. மேம் என்னைப் பாத்தாங்க. "நெட்டுரு போட்டவன்தான் ரெண்டு தடவையும் ஒண்ணு போல எழுதுவான் எபனேசர்"னாங்க. எப்ப பாரு அந்தம்மாவுக்கு அவ பக்கம்தான்.

ஆனா அந்த வேற டிபார்ட்மெண்டு சார் விடல. சட்டம் பேசுற ஆளு. "இப்ப எழுதத் தெரியுது, சரி. அன்னைக்குக் குடுத்ததை இந்தப் பொண்ணுதான் எழுதினாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"னார். ஆதாரம் கிடையாது. அவகிட்ட லேப்டாப் இல்ல, எல்லாம் லேப்லதான் அடிச்சா. பரீட்சை முடிஞ்சதும் லேப் சிஸ்டத்தை எல்லாம் துடைச்சு விட்டுட்டாங்க. மேம் சொன்னாங்க, "முப்பது ஜோடியை வச்சு நான் மேய்க்கேன், எவ எந்த வரியை அடிச்சான்னு நான் ஒவ்வொண்ணா நின்னு பாக்க முடியுமா? ஆனா என் மனசுக்குத் தெரியும்"னு. மனசு எல்லாம் எழுத்துல ஏறாது மேடம்னுட்டார் அவர்.

பெறவு எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அருணகிரி சார் கேட்டார். கோவமா இல்ல, கெஞ்சுற மாதிரியே கேட்டார். "தம்பி, வருசம் பூரா அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்தவன் நீ ஒருத்தன்தான். நீ பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே முடிச்சுருவேன், இன்னைக்குச் சாயங்காலம் அவ பேரு போயிரும். அவ எழுதினதை நீ பாத்தியா, பாக்கலையா?"

நான் சண்டே கிளாஸ்ல பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு படிச்சு வளந்தவன் அண்ணாச்சி. எங்க வீட்டுல எதை மன்னிச்சாலும் பொய்யை மன்னிக்க மாட்டாவ. நான் யோசிச்சுப் பாத்தேன். நல்லா, நிதானமா யோசிச்சுப் பாத்தேன். அவ ஸ்கிரீனை ஒரு தடவையாவது நான் திரும்பிப் பாத்தனா? இல்ல. அவ கூப்பிட்டப்ப எந்திரிச்சுப் போயி என்ன எழுதியிருக்கான்னு பாத்தனா? இல்ல. ஆண்டவர் அறிய இல்ல. அப்ப பாத்தேன்னு எப்படிச் சொல்ல?

"நான் பாக்கல சார்"னு சொன்னேன்.

அவ்வளவுதான். மேம் பேப்பரை எல்லாம் அடுக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தச் சார் ஏதோ எழுதினார். நிறுத்தி வச்சது நிறுத்தி வச்சதுதான், மேலிடத்துக்கு அனுப்பி முடிவு வர ரெண்டு மூணு மாசம் ஆகும்னாங்க. திருவனந்தபுரத்துக்கு வேற ஒருத்தன் பேரு போயிட்டு. என் மார்க்கும் திரும்பி வரல. இதுல எனக்கு என்ன லாபம் சொல்லுங்க? லாபத்துக்குச் சொன்னவனா நான்?

வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தா. அவளைத் தாண்டித்தான் நான் படி இறங்கணும். சரி, இன்னைக்கு நாறடிக்கப் போறான்னு நினைச்சேன். அந்த வாய்க்கு என்னென்ன வரும்னு எனக்குத் தெரியாதா? நானும் ரெடியாத்தான் போனேன். அவ சிரிச்சதைச் சொல்லணும், மாமா மகனைச் சொல்லணும், எல்லாம் மனசுல வரிசையா வச்சிருந்தேன். ஒரு வார்த்தை அவ தப்பா பேசட்டும், பத்து வார்த்தை திருப்பிக் குடுக்கணும்னு.

அவ அழல. கண்ணு மட்டும் செவந்து கிடந்தது. என் முகத்தைப் பாத்து, சாதாரணமா, டைம் என்னன்னு சொல்லுற மாதிரி சொன்னா: "நீ சொன்னது நெசம்தான் எபி. ஒருநாளும் நீ பாக்கல."

அவ்வளவுதான் சொன்னா. படி இறங்கிப் போயிட்டா.

திட்டியிருக்கலாம்ல அண்ணாச்சி? நாலு பேரு முன்னால செருப்பைத் தூக்கியிருந்தாக்கூட நான் அப்பாகிட்ட போயி சொல்லியிருப்பேன், பாருங்கப்பா, அவ இப்படிப்பட்டவன்னு. அவ நான் சொன்னதை நெசம்னு ஒத்துக்கிட்டுப் போயிட்டா. அப்பத்துல இருந்து ஒவ்வொண்ணா நினைச்சு நினைச்சுப் பாக்கேன், எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்கு. நெசத்துக்கு என்னத்தைப் பதில் சொல்ல?